நடுவிலிருந்து விரியும் வண்ணக் கோலம்

1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த ஊர் திருத்தணி. தமிழர் ‘கோலம்’ என்பதைத் தெலுங்கு மக்கள் ‘முக்குலு’ என்பர். பெயர் இரண்டாயினும், நடுப்புள்ளியைச் சுற்றி விரியும் ஒழுங்கு ஒன்றே. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோமணியும் உடன் ஆய்ந்தோரும் 1974-இல் கோலத்தின் ஒழுங்கைக் கணினி ஆய்வுக்குரிய பொருளாக்கினர். பிரான்சு நாட்டுச் சார்த்தர் பேராலயத்தின் வட்டப் பலகணிகளும் இவ்வாறே நடுவிலிருந்து விரிவன.

பெற்றோரே, விடுமுறை நாளில் இதனைத் தாளில் செய்து பாருங்கள். சதுரத் தாளை நெடுக்கிலும் குறுக்கிலும், மூலைக்கு மூலை இருமுறையும் மடித்து விரித்தால் எட்டுப் பிரிவுகள் தோன்றும். வண்ணத்தைத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து, ஒரு பிரிவில் மட்டும் குழந்தை தீட்டட்டும். ஈரம் உலருமுன், அப்பிரிவைத் தொடும் மூலைக்கோட்டில் தாளை மடித்து அழுத்தி விரியுங்கள். பின்பு நெடுக்கிலும் குறுக்கிலும் அவ்வாறே செய்யுங்கள். வண்ணம் மெலிந்தால் சிறிது சேர்க்கலாம்.

கைதவறிச் சிந்திய துளியும் எட்டிடத்தும் பதிந்து பூவாகும். ஆகவே தூரிகையை வாங்கித் திருத்த விரையாதீர்கள். ‘கெடுத்துவிட்டாயே’ என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சித் தாளையே தொடாத குழந்தைகள் உண்டு. அவர்கள் அச்சமின்றித் தொடங்க ஓர் இடம் வேண்டும். அது நம் இல்லமாக இருக்கட்டும்.