கார்லைல் பையன்கள் ஆடிய 1912

அமெரிக்க ஃபுட்பாலில் உங்களுக்குப் பிடித்த அணி எது என்று கேட்டால், 1912-இன் கார்லைல் அணி என்று சட்டென்று சொல்வேன்.

பென்சில்வேனியாவில் இருந்த கார்லைல் ஒரு கல்லூரிகூட அல்ல. பழங்குடிப் பிள்ளைகளுக்காக 1879-இல் ராணுவ அதிகாரி ரிச்சர்ட் பிராட் தொடங்கிய தொழிற்பள்ளி. வந்து சேர்ந்ததும் பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். அந்தப் பள்ளியின் பையன்கள்தான் பெரிய பல்கலைக்கழகங்களை மண்ணைக் கவ்வ வைத்தார்கள்.

இது நம் ஊர்க் கால்பந்து அல்ல. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, மறிப்பவர்களைத் தாண்டி முன்னேறும் ஆட்டம். 1912-இல் அதன் விதிகள் மாறின. 10 கெஜம் முன்னேற மூன்று வாய்ப்புகள் இருந்தது நான்கானது. பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் 'டச்டவுன்' 5 புள்ளியிலிருந்து 6 ஆனது. உடல் பலத்தைவிட வேகத்தையும் தந்திரத்தையும் நம்பிய கார்லைலுக்கு இது தோதாக அமைந்தது. பயிற்சியாளர் பாப் வார்னர் ஆட்டக்காரர்களை இரு பக்கமும் விரித்து நிறுத்தினார். பந்து யாரிடம் போகிறது என்று எதிரணி கண்டுபிடிப்பதற்குள் ஆள் பறந்திருப்பான்.

முந்தைய ஆண்டு ஒரே புள்ளியில் தங்களைத் தோற்கடித்த சிராக்யூஸை இம்முறை 33-0 என்று வென்றார்கள். நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியைச் சந்தித்தார்கள். வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கப் படை லகோட்டா பழங்குடி மக்களைக் கொன்று குவித்து அப்போது 22 ஆண்டுகள்கூட ஆகவில்லை. களத்தில் ஒரு பக்கம் நாளைய ராணுவ அதிகாரிகள். பிற்காலத்தில் ஜனாதிபதியான ஐசன்ஹோவரும் அவர்களில் ஒருவர். மறுபக்கம் ஜிம் தோர்ப், அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்று வந்தவர். முதல் புள்ளிகள் ராணுவத்துக்கே கிடைத்தன. ஆனால் ஆட்டம் முடிந்தபோது 27-6 என்று கார்லைல் ஜெயித்திருந்தது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் மட்டும் 26-34 என்று தோற்றார்கள். பருவம் முழுக்க 12 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிரா. எடுத்த புள்ளிகள் 504.

இவ்வளவுக்கும் பிறகு என்ன நடந்தது? முன்பு சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடினார் என்று சொல்லி 1913-இல் தோர்ப்பின் பதக்கங்களைப் பறித்தார்கள். அவர் 1953-இல் இறந்தார். ஒலிம்பிக் குழு அவரை மீண்டும் தனி வெற்றியாளராக அறிவித்தது 2022-இல்தான். பழங்குடியினர் எல்லோருக்கும் அமெரிக்கக் குடியுரிமை கிடைக்கவே 1924 ஆயிற்று.

அந்தப் பள்ளிதான் இவர்களை வீரர்களாக்கியது என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. என்னால் ஏற்கவே முடியாது. பள்ளியில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்ட பிள்ளைகளின் எச்சங்களை 2017 முதல் உறவினர்கள் ஊருக்கு எடுத்துச் செல்கிறார்கள். பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்த ஒரு நிறுவனத்துக்கு அவர்களுடைய வெற்றியில் பங்கு கேட்க உரிமை கிடையாது. 504 புள்ளிகளும் அந்தப் பையன்கள் சம்பாதித்தவை.