பன்னிரண்டாவது கிண்ணம் யாருக்கு வேண்டும்?

கெலாங் பாத்தாவில் எங்கள் தாமானிலிருந்து சுல்தான் இப்ராஹிம் அரங்கத்துக்குக் காடியில் கால் மணி நேரம்தான். ஆட்டம் இருக்கும் நாளில் அது முக்கால் மணி நேரமாகிவிடும். அதற்காக நான் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. சுற்றிலும் சிவப்பு நீலச் சட்டைகள், மோட்டார் சைக்கிள்களின் பின்னால் பறக்கும் கொடிகள், தூரத்தில் விளக்கொளியில் மின்னும் அரங்கம். வாழை இலையின் சாயலில் அதன் வெளித்தோற்றத்தை அமைத்திருக்கிறார்கள் என்று சொன்னதும் என் மனைவி கேட்டாள்: "அப்போ சோறு எங்கே?" சோறு உள்ளே திடலில் இருக்கிறது என்றேன்.

2020-இல் 40,000 இருக்கைகளோடு அரங்கம் திறந்ததிலிருந்து நானும் என் மகனும் சேர்ந்துதான் போவோம். போகிற வழியில் கோல் கணக்கைச் சொல்லிப் பந்தயம். தோற்றவர் திரும்பும்போது மாமாக் கடையில் மீ கோரேங் வாங்கித் தர வேண்டும். அவன் கையில் காசு ஏது, எப்படியும் நான்தான் கொடுப்பேன்.

இந்தப் பருவத்தில் நான் தனியாகப் போகிறேன். பையனுக்குப் பதினான்கு வயது. "கிளம்புடா, நேரமாச்சு" என்றால் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிறான்: "ரிசல்ட் தெரிஞ்ச பரீட்சைக்கு எதுக்குப்பா போய் உட்காரணும்?"

சுருக்கென்றது. ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. ஜேடிடி சூப்பர் லீக் கிண்ணத்தை முதன்முதலாக வென்றது 2014-இல். அதன் பிறகு 2024-25 பருவம் வரை ஒருமுறைகூட விட்டுக்கொடுக்கவில்லை. மொத்தம் 11. அதற்கு முந்தைய வெற்றியாளர் 2013-இல் சிங்கப்பூரிலிருந்து வந்து ஆடிய லயன்ஸ் 12 அணி. அப்போது என் மகனுக்கு இரண்டு வயது. ஆக, வேறோர் அணி லீக் கிண்ணத்தைத் தூக்கி அவன் பார்த்ததே இல்லை. இரண்டாம் பாலத்தைத் தாண்டி துவாஸில் வேலை பார்க்கும் எனக்கு, அந்த 2013-இல் சக ஊழியர்கள் செய்த கேலி நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தக் கேலியின் ருசியே அவனுக்குத் தெரியாது.

அவன் இப்போது கூடைப்பந்துப் பைத்தியம். எங்கள் காலத்தில் கூடைப்பந்து என்றால் சீனப்பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம். தமிழ்ப்பள்ளியில் எங்களுக்கு இருந்தது ஒரு திடல், ஒரு பந்து, நாற்பது பையன்கள். இவனோ தாமான் பூங்காவில் இருக்கும் கூடைப்பந்துத் தளத்தில் சீன நண்பர்களோடு மாலை முழுக்கக் கிடக்கிறான். விடிந்ததும் அமெரிக்காவின் என்பிஏ ஆட்டங்களின் முடிவைப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குகிறான்.

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. ஜொகூரில் வார விடுமுறை சனி ஞாயிறுக்கு மாறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, சீனப் பெருநாள் வாரம் வேறு. மதியம் ஒரு மணி வாக்கில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். திடீரென்று பையன் கத்தினான். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறினேன். விஷயம் இதுதான்: டல்லாஸ் அணி தன் நட்சத்திரம் லூகா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அந்தோணி டேவிஸை வாங்கிக்கொண்டது. கூடவே மேக்ஸ் கிறிஸ்டி என்ற இளைஞரும், 2029-இல் புதிய ஆட்டக்காரர் ஒருவரை முதல் சுற்றில் எடுக்கும் உரிமையும். டோன்சிச்சுக்கு வயது 25. எட்டு மாதங்களுக்கு முன்புதான் டல்லாஸை இறுதித் தொடர் வரை கொண்டுபோனவர்.

"அவரைக் கேட்டாங்களா?" என்றேன்.

"அங்க கேட்க மாட்டாங்கப்பா. டிரேட் அப்படித்தான்."

எனக்குக் குமட்டியது. மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். நம் காற்பந்தில் ஆட்டக்காரர் சம்மதிக்காமல் அவரை இன்னொரு சங்கத்துக்கு விற்க முடியாது. ஒப்பந்தம் முடிந்தால் அவர் சுதந்திர மனிதர். என்பிஏ-யில் ஒப்பந்தத்தை அப்படியே தூக்கி இன்னோர் ஊருக்கு மாற்றிவிடலாம், வேண்டாம் என்று சொல்லும் உரிமை வெகு சிலருக்குத்தான் உண்டு. டல்லாஸ் ரசிகர்கள் அரங்கத்துக்கு வெளியே சவப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்து அழுதார்கள். டல்லாஸின் பொது மேலாளருக்கு நவம்பரில் வேலை போனது.

"பாத்தியா, எங்க ஆட்டம் எவ்வளவோ மேல்" என்று நான் பெருமையடித்தேன். பையன் அமைதியாகச் சொன்னான்: "ஆனா அங்க சம்பளம் தராம விட மாட்டாங்கப்பா."

அந்தப் பதிலிலிருந்து நான் இன்னும் மீளவில்லை.

பிறகுதான் அவனிடம் பாடம் கேட்க ஆரம்பித்தேன். என்பிஏ-யில் 30 அணிகள். ஓர் அணி சம்பளத்துக்குச் செலவழிக்க வரம்பு உண்டு, 2024-25-இல் அது ஏறத்தாழ 140 மில்லியன் டாலர். தாண்டுவதற்குச் சில வழிகள் இருக்கின்றன, ஆனால் அதிகம் தாண்டினால் வரி போட்டுத் தாளித்துவிடுவார்கள். புதிதாக வரும் இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பதில் தோற்ற அணிகளுக்கே முன்னுரிமை. பிளேஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறாத 14 அணிகளுக்குள் குலுக்கல் நடக்கும். எந்த அணி அதிகம் தோற்றதோ அதற்கு வாய்ப்பு அதிகம். டோன்சிச்சை இழந்த டல்லாஸுக்கு அந்தக் குலுக்கலில் இருந்த வாய்ப்பு 1.8 விழுக்காடுதான். அதுவே ஜெயித்து, கூப்பர் ஃபிளாக் என்ற பையனை முதல் ஆளாக எடுத்துக்கொண்டது. தெய்வம் இருக்கிறது என்று என் அம்மா சொல்லியிருப்பார்.

விளைவு என்ன? 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு வெற்றியாளர்கள். டொரோண்டோ, லேக்கர்ஸ், மில்வாக்கி, கோல்டன் ஸ்டேட், டென்வர், பாஸ்டன், ஒக்லஹோமா சிட்டி. இதைப் பையன் விரல் விட்டு எண்ணிக் காட்டியபோது நானும் எங்கள் 11 ஆண்டுகளை விரல் விட்டு எண்ணினேன். ஜேடிடி, ஜேடிடி, ஜேடிடி. பத்து விரலும் தீர்ந்து இன்னொன்று தேவைப்பட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதற்கு ஜேடிடியைக் குறை சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆட்டக்காரரை விலைக்கு வாங்கிக் கிண்ணம் வெல்வது ஜொகூருக்குப் புதிதில்லை. 1991-இல் லீக், மலேசியக் கிண்ணம் இரண்டையும் ஜொகூர் வென்றபோது எனக்குப் பதினொரு வயது. தோட்டத்தில் கடைக்காரர் வீட்டுத் தொலைக்காட்சி முன் அப்பாவின் மடியருகில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த அணியில் ஆடிய ஆஸ்திரேலியர்கள் அப்பாஸ் சாத், அலிஸ்டர் எட்வர்ட்ஸ் இருவரும் முன்பு சிங்கப்பூருக்கு ஆடியவர்கள். அக்கரையிலிருந்து கொண்டுவந்து அக்கரைக்காரர்களையே வெறுப்பேற்றினோம். அப்பா ஒரு வாரத்துக்குச் சிரித்த முகமாக இருந்தார்.

துங்கு இஸ்மாயில் 2012-இல் ஜொகூர் காற்பந்துச் சங்கத்தின் தலைமைக்கு வந்த பிறகு நடந்ததும் அதன் தொடர்ச்சிதான், அளவு மட்டும் பெரிது. ஸ்பெயினின் டானி குயிசா வந்தார். 2008-இல் ஐரோப்பியக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தவர். பிறகு அர்ஜெண்டினாவின் பாப்லோ அய்மார். மெஸ்ஸி சிறுவனாக இருந்தபோது அண்ணாந்து பார்த்த ஆள் லார்க்கின் திடலில் நின்றார்! காயத்தால் சில ஆட்டங்களோடு 2014-இலேயே கிளம்பிவிட்டார். கொடுத்த காசுக்குக் கணக்குப் பார்த்தால் நஷ்டம். ஆனால் அந்தச் சில ஆட்டங்களில் ஒன்றை நேரில் பார்த்த எனக்கு அது நஷ்டமாகத் தெரியவில்லை. நல்ல மாற்றல்கள் சத்தமில்லாமல் வந்தவை. 2021-இல் வந்த பிரேசிலின் பெர்க்சன் டா சில்வா இன்னும் கோல் அடித்துக்கொண்டிருக்கிறார். அய்மாரின் வருகையில் பாதிக்கூடப் பரபரப்பு இல்லை அவர் வந்தபோது.

2015 அக்டோபர் 31. தஜிகிஸ்தானின் துஷான்பேயில் இஸ்திக்லோல் அணியை 1-0 என்று வென்று ஏஎஃப்சி கிண்ணம். அதை வென்ற முதல் தென்கிழக்காசிய அணி. அந்தக் காலத்து அணியில் வலப்புறம் ஓடியவர் நம் எஸ். குணாளன். செலாங்கூருக்கும் ஆடியவர். அவர் பெயர் எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் தாமான் பையன்கள் திரிந்தார்கள். இப்போது அப்படி ஒரு பெயர் எழுதிய சட்டையை நான் காணவில்லை. இது என் பெரிய வருத்தம்.

பணம் இருப்பது ஜேடிடியின் குற்றமா? மற்றவர்களிடம் இல்லாததுதான் பிரச்சினை. 2025 ஏப்ரலில் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் எங்களை எதிர்த்து ஆடியது ஸ்ரீ பகாங். அடுத்த பருவம் தொடங்கும்போது அந்த அணி லீக்கிலேயே இல்லை. பேராக்கும் விலகியது. கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை, சம்பளப் பாக்கிக் கதை அங்கே நெடுநாளாக ஓடிக்கொண்டிருந்தது. மலேசியக் காற்பந்தின் பாதி வரலாறு இந்த மூன்று மாநிலங்களில்தான் இருக்கிறது. அவர்கள் இல்லாத லீக்கில் 12-ஆவது கிண்ணம் வந்தால் அதை வைக்க அலமாரியில் இடம் இருக்கும், என் மனத்தில் இருக்குமா தெரியவில்லை.

இதில் நமக்கே சொந்தமான ஓர் இழப்பும் உண்டு. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கமான மீஃபாவின் அணியாகத் தொடங்கி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி, 2019-இல் சூப்பர் லீக்குக்கு வந்த அணி. பி. மணியம் பயிற்றுநர். 2022-இல் ஒரு வெளிநாட்டவர்கூட இல்லாமல் உள்ளூர்ப் பையன்களை வைத்தே ஆடினார்கள். எங்களிடம் தோற்கத்தான் செய்தார்கள், ஆனால் அவர்கள் ஆட்டக்காரர் பட்டியலைப் படிக்கும்போது நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் படிப்பது போல இருக்கும். அந்தப் பருவத்தோடு லீக்கிலிருந்து விலகிவிட்டார்கள். அணி மூடினால் அதில் ஆடிய பையன்கள் எங்கே போவார்கள்? சிலருக்கு வேறு அணி கிடைக்கும். மற்றவர்கள் என்னைப் போல விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடப்பார்கள்.

ஜேடிடியின் எதிர்காலம் பற்றி என்னைக் கேட்டால், உள்ளூரில் கவலையே இல்லை. ஆசியாவில்தான் சோதனை, அங்கேதான் இந்த ஒற்றை ராஜ்யம் எங்களுக்கே கெடுதல் செய்கிறது என்பது என் கட்சி. 2022-இல் கவாசாகியும் உல்சானும் இருந்த பிரிவில் முதலிடம் பிடித்தோம், பிறகு ஜப்பானில் உராவாவிடம் 5-0. 2024 நவம்பரில் உல்சானை எங்கள் திடலில் 3-0 என்று அடித்த இரவு, தொண்டை கட்டி மறுநாள் வேலையிடத்தில் என்னால் பேச முடியவில்லை. ஆனால் 2025 மார்ச்சில் தாய்லாந்தின் புரிராம் வந்து 1-0 என்று ஜெயித்துப் போனது. அந்த ஆட்டத்தைப் பையனோடு பார்த்தேன். ஒரு கோல் பின்தங்கியதும் எங்கள் ஆட்டக்காரர்களிடம் தெரிந்தது பயமில்லை, பழக்கமின்மை. வாரா வாரம் நான்கு, ஐந்து கோல் அடித்து ஜெயிப்பவர்களுக்குப் பின்தங்கி நின்று ஆடும் பாடத்தை யார் சொல்லித் தருவது? அன்று திரும்பும்போது மாமாக் கடையில் நிற்கவில்லை. இருவரும் சேர்ந்து பார்த்த கடைசி ஆட்டங்களில் அது ஒன்று.

பையன் மனம் விட்டுப்போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2025 ஜூனில் தேசிய அணி வியட்நாமை 4-0 என்று வென்றபோது வீட்டுக்கூடத்தில் குதித்தவன் அவன்தான். செப்டம்பரில் ஃபிஃபா, பாட்டன் பாட்டி பிறந்த இடத்தைக் காட்டும் ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்று சொல்லி ஏழு ஆட்டக்காரர்களுக்கு ஓராண்டுத் தடை போட்டது. அவர்களில் மூவர் ஜேடிடி ஆட்டக்காரர்கள். நிர்வாகத் தவறு என்றது மலேசியக் காற்பந்துச் சங்கம். பையன் கேட்டான்: "தாத்தா பொறந்த தோட்டத்துப் பேரு என்னப்பா?" சொன்னேன். "நம்மகிட்ட சூராட் பெரானாக் இருக்கா?" இருக்கிறது என்றேன். எடுத்து வந்து காட்டச் சொன்னான். பிளாஸ்டிக் உறையில் இருந்த தாத்தாவின் பழுப்புக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தான்.

என்பிஏ முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே கல்லூரி ஆட்டம் இளைஞர்களை வளர்த்துக் கொடுக்கிறது, இங்கே சங்கங்களே வளர்க்க வேண்டும். ஆனால் சில காரியங்கள் செய்யலாம். வருமானத்துக்கு மேல் சம்பளம் பேசும் அணிக்குப் பருவம் தொடங்குமுன்பே கடிவாளம் போட வேண்டும், நடுவழியில் கவிழ்ந்த பிறகு அல்ல. ஜேடிடியின் இரண்டாம் அணியில் ஆடும் பையன்கள் பலர் மற்ற மாநிலங்களில் முதல் பதினொருவரில் நிற்கக்கூடியவர்கள். சிலரைக் கடனாக அனுப்புகிறார்கள். இன்னும் நிறையப் பேரை அனுப்பலாம், எங்களுக்கு எதிராகவும் ஆட விடலாம். வெளிநாட்டவருக்கு இடங்களைக் கூட்டிக்கொண்டே போகும் லீக், 22 வயதுக்குக் கீழ் உள்ள உள்ளூர்ப் பையனுக்குத் திடலில் ஓர் இடத்தையாவது கட்டாயமாக்கினால் என்ன? அந்த ஓர் இடத்துக்கு நம் பையன் ஒருவனும் போட்டி போடுவான் அல்லவா?

போன வாரம் பூங்காவில் அவன் ஆடுவதைப் பார்க்கப் போனேன். மூன்று பேருக்கு மூன்று பேர். அவன் பக்கம் 11-க்கு 9 என்று தோற்றார்கள். வியர்வை வழிய வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "செம கேம்ப்பா" என்றான். தோற்ற முகமாகவே இல்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்: "அப்போ எப்பதான் வருவே ஸ்டேடியத்துக்கு?"

"தோக்கறதுக்கு சான்ஸ் இருக்கற மேட்ச்சா பாத்து சொல்லுங்க. வரேன்."

ராத்திரி அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பது வருஷத்துக்கு மேலாக ஜொகூர் ரசிகன் நான், எந்த ஆட்டத்தில் ஜொகூர் தோற்கக்கூடும் என்று விரலால் ஒவ்வொரு வரியாகத் தேடிக்கொண்டிருந்தேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, "என்ன, நாலு நம்பரா?" என்று கேட்டாள்.