அதே நாற்காலி, அதே சுத்தம்... பில் மட்டும் ஏன் வேறு?

டாலஸில் இருக்கும் ஒரு சித்தியை வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல்லைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். முழுத் தொகையையும் இன்சூரன்ஸே கட்டிவிடும். போன ஆண்டு ஈறு வீங்கி, துலக்கும்போதெல்லாம் ரத்தம் வர, இரண்டு தவணையாக 'டீப் கிளீனிங்' செய்தார்கள். மூன்று மாதம் கழித்து வழக்கமான சுத்தத்துக்குப் போனவரிடம் 72 டாலர் கட்டச் சொன்னார்கள். காருக்குள் உட்கார்ந்தபடியே சென்னையில் இருக்கும் அக்கா மகளுக்குப் போன் போடுகிறார். அவள் அமெரிக்கப் பல் மருத்துவமனைகளுக்கு இரவு ஷிப்டில் பில்லிங் பார்ப்பவள்.

"செஞ்சது அதே கிளீனிங்தாண்டி. போன வருஷம் ஒரு காசு வாங்கல. இப்ப என்னமோ 4910ங்கறாங்க. பழையபடி 1110ன்னே போடச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சித்தி, அப்படிக் கேக்காதீங்க. முதல்ல உங்க பெரியோ சார்ட்டை வாங்கி எனக்கு அனுப்புங்க."

சித்தியின் கேள்வியில் தப்பே இல்லை. சாய்ந்து படுத்த நாற்காலி அதேதான், கையுறை போட்ட பெண்ணும் அவரேதான், காரையைச் சுரண்டும் அந்தச் சத்தமும் மாறவில்லை. வாயைத் திறந்து படுத்திருப்பவருக்கு எதுவும் வேறாகத் தெரிய வழியில்லை. ஆனால் கிளெய்மில் ஏறும் ஐந்து எழுத்து எண் மாறிவிட்டது. அந்த எண் ஏன் மாறியது என்பதை நிதானமாகச் சொல்ல முன்மேசையில் யாருக்கும் நேரமிருப்பதில்லை. டாலஸிலும் நியூ ஜெர்சியிலும் பில் கட்டும் நம் குடும்பங்களுக்கும், சென்னை, திருச்சி, கோவை என்று பல ஊர்களில் ராத்திரி கண் விழித்து இந்தக் கிளெய்ம்களை அனுப்பும் பிள்ளைகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

டி என்ற எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட இந்த எண்களின் தொகுப்புக்கு சிடிடி என்று பெயர். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமான ஏடிஏ 1969இல் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டது. மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான ஹிப்பா என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ் 2000ஆம் ஆண்டில் வந்த விதி, கணினி வழியாகப் போகும் பல் கிளெய்ம்கள் எல்லாவற்றுக்கும் இதையே பொது அட்டவணையாக்கியது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 முதல் திருத்தங்கள் அமலுக்கு வரும். முதல் இலக்கத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். 1இல் தொடங்கினால் வருமுன் காக்கும் வேலை. 4இல் தொடங்கினால் ஈறும் எலும்பும் சம்பந்தப்பட்ட வேலை. 1110இலிருந்து 4910க்குப் போன அன்று, சித்தியின் வாய் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு மாறிவிட்டது.

அந்த மாற்றம் தீர்மானமாகும் இடம் பில்லிங் மேசை இல்லை, ப்ரோப் என்ற மெல்லிய கம்பியின் நுனி. அதில் மில்லிமீட்டர் கோடுகள் இருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் அதை மெதுவாக இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம்: வெளிப்பக்கம் மூன்று, உள்பக்கம் மூன்று. 28 பல் இருந்தால் 168 எண்கள். சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட் அளந்துகொண்டே சொல்ல, பக்கத்தில் ஒருவர் பதிவு செய்வார். அந்தப் பதிவுதான் பெரியோ சார்ட். "மூணு, ரெண்டு, மூணு. மூணு, மூணு, நாலு. அஞ்சு, ரத்தம்." பலருக்கு இது ஏதோ சடங்குபோல இருக்கும். அடுத்த முறை காது கொடுத்துக் கேளுங்கள். 3 வரை நல்ல ஈறு. 4 அல்லது அதற்கு மேல் போனால், ஈறு பல்லைப் பிடித்திருக்கும் பிடி தளர்ந்து அங்கே ஒரு பை உருவாகியிருக்கலாம். பிரஷ் எட்டாத அந்தப் பைக்குள் கிருமிப் படலம் குடியேறும். நாளாக ஆக அடியில் இருக்கும் தாடை எலும்பு கரையும்.

ஆழம் மட்டும் போதாது. வெறுமனே வீங்கிய ஈறும் மேலே எழும்பி நின்று, ஆழம் கூடியதுபோலக் காட்டும். எக்ஸ்ரேயில் எலும்பு எந்த மட்டத்தில் நிற்கிறது, ஈறு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும். எலும்பு இழப்பு உண்டா, இல்லையா? கோட் விஷயத்தில் எல்லாமே இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது.

எலும்பு இழப்பு இல்லை, ஈறும் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது என்றால் 1110. படலம், காரை, கறை ஆகியவற்றை நீக்கும் சாதாரண சுத்தம் இது. எலும்பு இழப்பு இல்லை, ஆனால் வாய் முழுக்க ஈறு சிவந்து வீங்கித் தொட்டாலே ரத்தம் வருகிறது என்றால் 4346. 2017இல்தான் இந்த எண் வந்தது. அதுவரை இப்படிப்பட்டவர்களுக்குப் பொருந்தும் எண்ணே கிடையாது. 1110 என்று போட்டால் செய்த வேலைக்குக் குறைவு, டீப் கிளீனிங்குக்கான 4341 என்று போட்டால் இல்லாத எலும்பு நோயை இருப்பதாகச் சொன்ன மாதிரி. பல ஆண்டுகள் இந்த இடைவெளியில் விழுந்தவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஈறு வீக்கம் குணமாகக்கூடியது. ஆகவே 4346 முடிந்தவர் சரியானதும் 1110க்கே திரும்பிவிடுவார். அவருக்கு 4910 கிடையாது.

எலும்பு இழப்பு உண்டு என்றால் பாதை வேறு. பல்லின் வேர் வரை இறங்கிக் காரையைச் சுரண்டி, வேரை வழவழப்பாக்கும் ஸ்கேலிங் - ரூட் பிளானிங்கைத்தான் நம்மவர்கள் டீப் கிளீனிங் என்கிறோம். வாயை நான்கு காலாகப் பிரித்துக் கணக்கிடுவார்கள். ஒரு காலில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பற்களுக்குச் செய்தால் 4341, ஒன்று முதல் மூன்று பல் என்றால் 4342. சில வாரங்கள் ஆறவிட்டு மறுபடி அளந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு தொடங்குவதுதான் 4910, ஈறு நோய்ப் பராமரிப்பு.

இந்த எண்ணின் விளக்கத்தில் ஒரு வரி கவனிக்க வேண்டியது. ஈறு சிகிச்சைக்குப் பின் தொடங்கும் இந்தப் பராமரிப்பு, பல் இருக்கும் காலம் வரை தொடரும் என்கிறது அது. எவ்வளவு நாளுக்கு ஒரு முறை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஈறுக்கு மேலும் கீழும் படலத்தையும் காரையையும் நீக்குவது, தேவைப்படும் இடத்தில் வேரைச் சுரண்டுவது, பாலிஷ் செய்வது எல்லாம் இதற்குள் அடங்கும். சித்தி 'அதே சுத்தம்' என்றாரே, அது அங்கேதான் பிசகுகிறது. அவருடைய கடைவாய்ப் பல் ஒன்றில் 5 என்று எண் விழுந்திருந்தது; அதன் பின்புறத்தில் கருவி ஈறுக்குக் கீழே போய் வந்திருக்கிறது. மேல் வேலையோடு சேர்ந்து அது நடந்ததால் அவருக்குத் தனியாகத் தெரியவில்லை.

காலம் முழுக்க ஏன்? கரைந்த எலும்பு வெறும் சுத்தத்தால் பழைய மட்டத்துக்கு வளர்வதில்லை. நோயை அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான். 2017இல் அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்புகள் சிகாகோவில் கூடி வகுத்து, 2018இல் வெளியிட்ட புதிய வகைப்பாடும் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: ஒரு முறை எலும்பைத் தொட்ட ஈறு நோய் வந்தவர், நிலைமை சீராக இருந்தாலும், அந்த நோயின் சரித்திரம் உள்ளவராகவே கண்காணிக்கப்பட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் புகைப்பவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், நோய் வேகமாக முன்னேற வாய்ப்புள்ளவர்கள் அவர்கள்.

இதற்கு நல்ல சாட்சி சுவீடனிலிருந்து உண்டு. பெர் ஆக்சல்சனும் யான் லிண்டேயும் 1981இல் வெளியிட்ட ஆய்வு அது. ஈறு சிகிச்சை முடிந்தவர்களில் ஒரு பிரிவினரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அழைத்துச் சுத்தம் செய்தார்கள். இன்னொரு பிரிவினரை வழக்கமான பல் மருத்துவர்களிடமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவினரின் ஈறுகள் சிகிச்சையில் கிடைத்த பலனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. மற்றவர்களுக்கு நோய் திரும்பியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்வது காசு பிடுங்கத்தான் என்று சந்தேகிப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

இனி காசு. சந்தேகம் முளைப்பதே அங்கேதான். பெரும்பாலான அமெரிக்கப் பல் இன்சூரன்ஸ் திட்டங்கள் 1110ஐ வருமுன் காப்பாகக் கருதி 100 சதவீதம் கட்டும். 4910ஐ ஈறு சிகிச்சையாக எடுத்துக்கொண்டு 80 சதவீதம் என்று வைக்கும் திட்டங்கள் ஏராளம். சிலவற்றில் இன்னும் குறைவு. அதற்கு முன் நம் பங்காக ஒரு தொகை கழியும். உதாரணத்துக்கு 4910க்கு மருத்துவமனை 160 டாலர் வாங்குகிறது, கழிவு 50 டாலர் என்றால், மீதி 110இல் 80 சதவீதமான 88 டாலரை இன்சூரன்ஸ் தரும். 72 நம் தலையில். சித்திக்கு வந்தது இந்தக் கணக்குத்தான்.

எண்ணிக்கைக் கட்டுப்பாடும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு சுத்தம் என்று வரம்பு வைத்து, 1110, 4910 இரண்டையும் ஒரே கணக்கில் கழிக்கும் திட்டங்கள் உண்டு. நான்கு முறை வரச் சொல்லியிருந்தால் மீதி இரண்டும் கைக்காசு. டீப் கிளீனிங் முடிந்து 90 நாள் ஆகாமல் 4910ஐ ஏற்காத திட்டங்களும் இருக்கின்றன. அதிகம் பராமரிப்பு தேவைப்படுபவருக்குக் குறைவாகக் கட்டுவது என்ற இந்த ஏற்பாடு நோயாளிக்கு எதிரானது என்றே எனக்குப் படுகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதைக் கோட் எண்ணை மாற்றித் தீர்த்துக்கொள்ள முடியாது.

4910க்குரிய வேலையைச் செய்துவிட்டு, நோயாளிக்கு உதவுவதாக நினைத்து 1110 என்று போட்டால், கிளெய்மில் நடக்காத ஒன்றைச் சொன்னதாகிறது. பணம் கிடைப்பதற்காகச் செய்த வேலையை வேறாக விவரிப்பது நெறிக்குப் புறம்பானது என்று ஏடிஏவின் நெறிமுறைகள் தெளிவாகவே சொல்கின்றன. எதிர்ப்பக்கத் தப்பும் இதே அளவு கெட்டது: எலும்பு இழப்பே இல்லாதவருக்கு டீப் கிளீனிங் என்று போட்டு, அதைத் தொடர்ந்து 4910 போடுவது. அரசு பணம் கொடுக்கும் மெடிக்கெய்டில் தெரிந்தே இப்படிச் செய்தால் வழக்கே வரும்.

நோயாளிக்கு நேரடியாக இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. 1110 என்று பதிவாகிவிட்டால், அடுத்து ஊர் மாறிப் போகும் இடத்தில் ஈறு நோய்ப் பராமரிப்பு தொடர்ந்து நடந்த தடயமே கிளெய்ம் சரித்திரத்தில் இருக்காது. இரண்டு ஆண்டு கழித்து ஒரு பகுதியில் நோய் திரும்பி மறுபடி 4341 தேவைப்பட்டால், "இடையில் சாதாரண சுத்தம்தானே நடந்திருக்கிறது, திடீரென்று ஏன்?" என்று இன்சூரன்ஸ் கேட்கும்.

ஒரு முறை 4910, அடுத்த முறை 1110 என்று மாற்றி மாற்றிப் போடலாமா என்று பில்லிங் பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள். விடை மருத்துவரின் தீர்ப்பில் இருக்கிறது. ஈறு சிகிச்சை நடந்தவரே ஆனாலும், இப்போது அவருக்குச் சாதாரண சுத்தம்தான் வேண்டும் என்று மருத்துவர் பரிசோதித்துத் தீர்மானித்து, அதையே செய்தால் 1110 போடலாம்; ஏடிஏவும் அதற்கு இடம் தருகிறது. செய்வது எப்போதும் ஒரே வேலை, எண்ணை மட்டும் இன்சூரன்ஸ் வசதிப்படி மாற்றுகிறோம் என்றால் கூடாது. நோயாளி ஈறு நிபுணரிடம் ஒரு முறையும் குடும்பப் பல் மருத்துவரிடம் ஒரு முறையும் போகிறவராக இருந்தால் இரண்டு இடமும் பேசிக்கொள்வது அவசியம். அவர் 4910 என்றும் இவர் 1110 என்றும் மூன்று மாத இடைவெளியில் அனுப்பினால் இன்சூரன்ஸ் மேசையில் கேள்வி எழாமல் இருக்காது.

4910 நிராகரிக்கப்பட்டு வந்தால் பல நேரம் காரணம் எளிது: டீப் கிளீனிங் நடந்ததற்கான பதிவு அந்த இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இல்லை. வேலை மாறி இன்சூரன்ஸ் மாறியவர்களுக்கு இது அதிகம் நடக்கும். எந்தெந்தக் காலுக்கு எந்தத் தேதியில் சிகிச்சை நடந்தது என்ற விவரம், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த பெரியோ சார்ட், எலும்பு மட்டம் தெரியும் எக்ஸ்ரே, இரண்டு மூன்று வரியில் மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றை இணைத்து மறுபடி அனுப்பினால் பெரும்பாலும் வேலை நடக்கும். பழைய மருத்துவமனையிலிருந்து இந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. ஊர் மாறும் முன்பே வாங்கி வைத்துவிடுவது உத்தமம். மருத்துவரின் பரிசோதனை 4910க்குள் அடங்காது, அதற்குத் தனி எண் வரும். பில்லில் இரண்டு வரி இருப்பதைப் பார்த்து இரண்டு முறை வசூலித்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

சித்தியின் சார்ட் ராத்திரி ஷிப்டில் வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அக்கா மகள் இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறாள். சிகிச்சைக்கு முன் வலது கீழ்க் கடைவாயில் 6, 5, 6, மூன்றிலும் ரத்தம். இப்போது அதே இடத்தில் 4, 3, 5. மற்ற பற்களில் 3க்கு மேல் போகவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு விளிம்பு இறங்கித்தான் இருக்கிறது, ஆனால் மேற்கொண்டு இறங்கவில்லை. நான்கு காலுக்கும் தேதியோடு 4341.

"4910 சரிதான் சித்தி. 72 கட்டிடுங்க. வருஷத்துக்கு எத்தனை தடவை குடுப்பாங்க, 1110ஓட சேத்துக் கழிப்பாங்களான்னு மட்டும் இன்சூரன்ஸ்ல கேட்டு எழுதி வெச்சுக்குங்க. அந்த அஞ்சு வந்த பல்லு இருக்கில்ல, அடுத்த தடவை அத அளக்கும்போது நம்பர் என்னன்னு கேளுங்க."