நீர்ப்படலத்தில் வாழும் ஈர் உயிர்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் அருவி கிடையாது. பெய்யும் மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கிக் கிணறுகளைச் சென்றடைகின்றது. வழுக்கியாறும் மாரியிலே மட்டும் நீர் காண்பது. ஆகவே ஓடைத் தவளையையும், கோப்பியை அழித்த பங்கசையும் அறிய விரும்பும் நேயர்கள் மலைநாட்டை நோக்குதல் வேண்டும்.

1869ஆம் ஆண்டிலே மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் கீழ்ப்புறத்தே செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. பேர்க்கிலி, புறூம் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் அதனை ஆராய்ந்து 'கெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டனர். முதற்சொல் வித்தியின் ஒருபாதி மழமழப்பானது என்பதையும், மற்றையது பேரழிவு செய்வது என்பதையும் குறிக்கும். ஏறக்குறைய அதே வேளையிலே, இலங்கையின் தட்டையான கற்றவளை ஒன்றுக்கு கியுந்தர் என்பார் 'நன்னோபிரிஸ் சிலோனென்சிஸ்' என்று பெயர் சூட்டினார்.

பெயர் பெற்ற காலம் மாத்திரமன்று, வாழும் முறையிலும் இவற்றுக்கு ஓர் ஒற்றுமை உண்டு. இத்தவளை ஈரப் பாறைகளின் வெடிப்புகளிலே ஒடுங்கி வாழும். முட்டைகளை ஆண் காவல்செய்யும். வாற்பேத்தைகளோ குளத்திலே நீந்துவனவல்ல. பாறைமேல் வழியும் மெல்லிய நீர்ப்படலத்திலே ஒட்டிக்கொண்டு வளர்வன. பங்கசின் வித்தியும் இலையிலே பனித்துளியோ மழைத்துளியோ சில மணிநேரம் தங்கினாற்றான் முளைக்கும். முளைத்த குழாய் இலைவாயின் வழியே உட்புகுந்து, உயிருள்ள கலங்களிலிருந்து உணவை உறிஞ்சும். இலை காய்ந்துவிடின் வித்திக்கு வழியில்லை.

வேற்றுமையோ பெரிது. தவளை தானே இரைதேடி உண்பது. அதற்கு வேண்டியது ஈரமான பாறை. பங்கசுக்குக் கோப்பியின் உயிருள்ள இலையே வேண்டும். மலைச்சரிவுகள் எங்கணும் ஒரே பயிரை நெருக்கி நட்டவர்கள் அதற்கு விருந்து வைத்தார்கள் என்றே சொல்லலாம். 1880இல் இலங்கை வந்த மார்சல் வார்ட் நோயின் போக்கை விளக்கினார். ஆயினும் தோட்டங்களைக் காப்பாற்றும் காலம் கடந்துவிட்டது; கோப்பி போய்த் தேயிலை வந்தது.

இம்மாற்றத்தினால் மக்கள் வாழ்வும் மாறியது. கோப்பிக் காலத்திலே தமிழகத் தொழிலாளர் பலர் பழம்பறிக்கும் பருவத்தில் வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. எனவே அவர்கள் குடும்பத்தோடு மலையிலே தங்கினர். மலையகத் தமிழரின் வரலாற்றிலே இந்தச் சிறு தூளின் பங்கு சிறிதன்று.

காற்றிலே பறக்கும் வித்திகளுக்குக் கடலும் தடையாகவில்லை. 1970இல் அந்நோய் பிரேசிலிலும் காணப்பட்டது. தவளையினாலோ பாறையை விட்டு நெடுந்தூரம் செல்ல இயலாது. நன்னோபிரிஸ் இனக்குழு இலங்கையன்றி உலகில் வேறெங்கும் இல்லை. 1882இல் பூலஞ்சர் பெயரிட்ட அதன் இனமொன்று இன்று அற்றுப்போனதாகவே கருதப்படுகின்றது.