வழுக்கலை அடக்கிய கிளட்ச்

ஆட்டோமேட்டிக் கார் பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிடும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஒரு காலத்தில் அது உண்மைதான். அந்தப் பழியில் பெரும்பங்கு, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வர்ட்டருக்கு உரியது. அதன் வழுக்கலை அடக்க வந்த கிளட்சைக் கணக்கில் எடுக்காமல் இன்றைய ஆட்டோமேட்டிக் கார்களை எடைபோடுவது நியாயமாகாது. (இந்தியாவில் விலை குறைந்த பல கார்களில் உள்ள ஏஎம்டி எனப்படும் தானியங்கி மேனுவல் கியர்பாக்ஸ் வேறு வகை, அதில் இந்தக் கன்வர்ட்டரே கிடையாது.)

ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் காப்புரிமைக்குப் பதிந்த டார்க் கன்வர்ட்டர், முதலில் கப்பலுக்காகப் பிறந்தது. இன்ஜினோடு சுற்றும் இம்பெல்லர் ஆயிலை வீசுகிறது. எதிரே உள்ள டர்பைன் அதை வாங்கிச் சுழன்று கியர்பாக்ஸைத் திருப்புகிறது. நடுவே உள்ள ஸ்டேட்டர், திரும்பிவரும் ஆயிலை இம்பெல்லருக்கு உதவும் திசையில் மடக்கிவிடுகிறது. அதனால்தான் நின்ற இடத்திலிருந்து வண்டி கிளம்பும்போது முறுக்குவிசை ஏறக்குறைய இரு மடங்காகிறது. சிக்னலில் நின்றாலும் இன்ஜின் அணைவதில்லை. ஆனால் இம்பெல்லரும் டர்பைனும் ஒரே வேகத்தில் சுற்றினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், விசையும் கடக்காது. ஆகவே நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போதும் டர்பைன் சில சதவீதம் பின்தங்கியே தீர வேண்டும். அந்த வித்தியாசம் ஆயிலைச் சூடாக்குவதிலேயே வீணாகிறது.

லாக்-அப் கிளட்ச் இந்த இடத்தில்தான் புகுகிறது. கன்வர்ட்டரின் முன்மூடி இன்ஜினோடு பிணைந்தது. அதை ஒட்டி, உராய்வுப் பட்டை பதித்த ஒரு தட்டு டர்பைனோடு இணைந்திருக்கிறது. பரவலாக உள்ள அமைப்பில், தட்டுக்கும் மூடிக்கும் இடையே ஆயில் பாய்ந்துகொண்டிருக்கும் வரை இரண்டும் ஒட்டுவதில்லை. கணினி சோலனாய்டு என்ற மின் வால்வை இயக்கியதும் ஆயிலின் திசை மாறுகிறது. இப்போது டர்பைன் பக்கத்து அழுத்தம் தட்டை மூடியோடு சேர்த்து அழுத்துகிறது, வழுக்கல் நின்றுபோகிறது. சீரான வேகத்தில் கியர் மாறாமலே ஆர்.பி.எம். முள் சற்று இறங்கினால், பெரும்பாலும் கிளட்ச் பிடித்த தருணம் அது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 1949-லேயே தன் அல்ட்ராமேட்டிக் கியர்பாக்ஸில் இதை வைத்தது. பெட்ரோல் மலிவாகக் கிடைத்த அந்த நாட்டில் யாருக்கும் அதன் அருமை உறைக்கவில்லை. 1973-ன் எண்ணெய் நெருக்கடியும், 1975-ல் வந்த எரிபொருள் சிக்கனச் சட்டமும்தான் நிலைமையை மாற்றின. சட்டத்தின் வரம்புகள் நடைமுறைக்கு வந்த 1978 மாடல் ஆண்டில் கிறைஸ்லர் நிறுவனம் தன் டார்க்ஃப்ளைட் கியர்பாக்ஸில் லாக்-அப் கிளட்சைக் கொண்டுவந்தது. கையில் இருந்த மருந்தைக் கட்டாயம் வரும்வரை தொழில்துறை தள்ளிப்போட்டது என்றே சொல்ல வேண்டும்.

கிளட்சைப் பூட்டுவது இவ்வளவு நல்லதென்றால் எப்போதும் பூட்டியே வைக்கலாமே என்று கேட்கலாம். வண்டி நிற்கும்போது பூட்டியிருந்தால் இன்ஜின் அணைந்துவிடும். அதைவிட நுணுக்கமான சிக்கல் அதிர்வு. இன்ஜின் ஒவ்வொரு எரிதலுக்கும் ஒரு உந்தாகத்தான் விசை தருகிறது. ஆயில் விழுங்கிக்கொண்டிருந்த அந்தத் துடிப்பு, பூட்டியதும் நேராக வண்டிக்குள் வந்துவிடுகிறது. தட்டில் உள்ள ஸ்பிரிங்குகள் ஓரளவு தாங்கும். மீதியைச் சமாளிக்க இன்றைய கணினிகள் கிளட்சை முழுதாக இறுக்காமல், நிமிடத்துக்குச் சில பத்துச் சுற்று வித்தியாசம் இருக்கும்படி பிடித்து வைக்கின்றன. பெரிய வழுக்கலை ஒழிக்க வந்த கருவி சிறிய வழுக்கலை வேண்டுமென்றே விட்டுவைப்பதால்தான், குறைந்த வேகத்திலும் தாழ்ந்த கியரிலும்கூட அதைப் பயன்படுத்த முடிகிறது. என் மதிப்பில் இந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான சாதனை இதுதான்.

கெட்டுப்போக இன்னொரு பாகம் சேர்ந்ததுதான் மிச்சம் என்கிற மெக்கானிக்குகளின் குறையையும் ஒதுக்க முடியாது. மிதமான வேகத்தில் வரி வரியாக மேடு போட்ட சாலையில் ஓடுவதுபோல வண்டி நடுங்குவது பழக்கமான புகார். ஆயில் பழசாகி அதன் உராய்வுத் தன்மை மாறும்போது தட்டு பிடித்துப் பிடித்து விடுகிறது. அந்த நடுக்கம் பெரும்பாலும் அதனால்தான். பட்டை தேய்வதற்கு முன் கவனித்தால் ஆயில் மாற்றுவதிலேயே பல வண்டிகளில் சரியாகிவிடும். ஆகவே குறை கிளட்சில் இருப்பதைவிட, ஆயுள் முழுக்க ஆயில் மாற்றவே வேண்டாம் என்று சில கார் நிறுவனங்கள் தரும் வாக்குறுதியில்தான் அதிகம். கியர்பாக்ஸ் தயாரிக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளில், ஆயிலை மாற்றச் சொல்கிறது.