சிகிச்சை வாசலில் தொடங்கட்டும்

உதகை, கோத்தகிரிப் பக்கம் காய்கறித் தோட்டத்தில் மருந்து அடிக்கும்போது ஒருவர் மயங்கி விழுந்தால், நனைந்த சட்டையோடு ஜீப்பில் ஏற்றி மருத்துவமனைக்கு விரைவதுதான் வழக்கம். அவரோடு சட்டையிலும் முடியிலும் ஒட்டிய பூச்சிமருந்தும் உள்ளே வருகிறது. தூக்கும் ஊழியர், நாடி பார்க்கும் செவிலியர், மூச்சுக்குழாயில் குழாய் செருகும் மருத்துவர் எல்லோர் கையிலும் அது படுகிறது.

குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலினை, வேலை முடிந்ததும் சிதைக்க ஒரு நொதி உண்டு. மருந்து அந்த நொதியை முடக்கிவிடுகிறது. எச்சில் ஒழுகும், கண்பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கும், நுரையீரலில் நீர் சுரந்து மூச்சு முட்டும்.

இதே குடும்பத்தின் கொடிய உறுப்பினர் சரின். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் ஒரு கும்பல் அதைப் பரப்பியது. செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு மட்டும் அன்று 640 பேர் வந்தார்கள். அவர்களைக் கவனித்த ஊழியர்களில் 110 பேருக்குக் கண் மங்கல், தலைவலி போன்ற தொல்லைகள் வந்தன. நோயாளிகளின் உடையிலிருந்து ஆவியான நச்சுதான் காரணம். நோயாளிகளைக் கிடத்தியிருந்த, காற்றோட்டம் குறைந்த மருத்துவமனைச் சிற்றாலயத்தில் பணியாற்றியவர்கள்தாம் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். பூச்சிமருந்து சரின் அளவுக்கு ஆவியாகாது. தொடுகையும் வாந்தியும்தான் இங்கே பெரிய ஆபத்து.

தற்காப்பு எளியது. நோயாளியை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். சட்டையைத் தலைவழியே உருவாமல் கத்தரித்து எடுக்க வேண்டும். உடையைக் களைந்தாலே நச்சின் பெரும்பகுதி போய்விடும். துணிகளை இரட்டைப் பையில் கட்டி வைக்கலாம். தோல் பெல்ட்டும் செருப்பும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். கழுவிப் பயனில்லை, அப்புறப்படுத்துவதே சரி. பிறகு சோப்பும் தண்ணீரும். தோலை அழுத்தித் தேய்த்தால் நச்சு இன்னும் உள்ளே இறங்கும். மூச்சு திணறுபவரைக் கழுவி முடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. பிராணவாயுவும் முறிமருந்தான அட்ரோபின் ஊசியும் கூடவே நடக்க வேண்டும்.

அதனால் ஊழியர் முன்கூட்டியே கவசம் அணிந்திருப்பது அவசியம்: நைட்ரைல் கையுறை, நீர் புகாத ஏப்ரன், கண்ணாடி, பூட்ஸ். அறுவை சிகிச்சைக்கான மெல்லிய ரப்பர் கையுறை இந்த மருந்துகளுக்குத் தாங்காது. என்95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிப்பான் பொருத்திய கவசம் வேண்டும்.

மலையில் இன்னொரு சிக்கல் குளிர். ஐஸ் தண்ணீரை ஊற்றினால் நோயாளி விறைத்துப்போவார். வெதுவெதுப்பான நீரும் கம்பளியும் தயாராக இருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து சன்னலையும் சாத்திவிடக் கூடாது.

தோட்டக்காரர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் ஒரு வார்த்தை: வண்டியில் ஏற்றும் முன், கையுறை மாட்டிக்கொண்டு நனைந்த உடையைக் கழற்றி உடம்பைக் கழுவுங்கள். மருந்துப் புட்டியின் லேபிளையும் கூடவே அனுப்புங்கள். நோயாளிக்கும் அவரைக் காப்பாற்றப்போகிறவர்களுக்கும் நீங்கள் செய்யும் முதல் உதவி அதுதான்.