கிணற்று ஜலத்திற்கு நிலம் அளிக்கும் காப்பு

கிராமங்களில் கிணற்று ஜலத்தின் நிறத்தையும் ருசியையும் பார்த்து அது நல்ல ஜலம் என்று முடிவு செய்வது வழக்கம். தெளிந்த ஜலமெல்லாம் சுத்த ஜலமாகாது. மேலும், ஜலம் கெட்டபின் பரிகாரம் தேடுவதைக் காட்டிலும், எந்த இடத்து ஜலம் எளிதில் கெடக்கூடியது என்று முன்கூட்டியே மதிப்பிடுவது செலவு குறைந்த காரியம். எருக்குழி, மலக்குழி, புதுக் கிணறு ஆகியவற்றிற்கு இடம் குறிக்கையில் இம்மதிப்பீட்டின் பிரயோஜனம் சங்க அங்கத்தினர்களுக்கு நன்கு விளங்கும்.

1987-ம் வருஷத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுற்றுப்புறப் பாதுகாப்பு இலாகா ‘டிராஸ்டிக்’ என்னும் முறையை வெளியிட்டது. ஏழு விஷயங்களின் ஆங்கில முதலெழுத்துக்கள் சேர்ந்த பெயர் அது. ஒவ்வொன்றிற்கும் 10-க்குள் மதிப்பெண் இட்டு, அதன் முக்கியத்துவத்திற்குரிய எண்ணால் பெருக்கிக் கூட்டவேண்டும். நீர்மட்டத்தின் ஆழத்திற்கும், அதற்கு மேலுள்ள அடுக்குகளுக்கும் பெருக்கெண் 5; மழைநீர் கீழிறங்கும் அளவிற்கு 4; நீர் தங்கும் பாறைக்கும், அதனூடே நீர் செல்லும் வேகத்திற்கும் 3; மேல்மண்ணுக்கு 2; நிலத்தின் சாய்வுக்கு 1. மொத்தம் 23-க்குக் குறையாது, 230-க்கு மேற்படாது. தொகை ஏற ஏற அபாயமும் ஏறும்.

இதைக் கீழப்பழுவூர்ப் பக்கத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். அரியலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. 1862-ல் பிளான்போர்டு என்னும் பூகர்ப்ப சாஸ்திரி இதன் அடுக்குகளை விவரித்து எழுதினார். சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் களிமண்ணும் இங்கே இடத்துக்கு இடம் மாறிக் கிடக்கின்றன. கனத்த களிமண் அடுக்கின் வழியே அசுத்த ஜலம் மெதுவாகவே இறங்கும். வழியிலேயே கிருமிகள் பெரும்பாலும் மடியும். வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லிலோ வடிகட்டுதல் என்பதே அரிது. மழைநீர் கல்லைக் கரைத்து அகலமாக்கிய இடுக்குகளில் அழுக்கு ஒரே ஓட்டமாக ஓடிவிடும். கரைந்து குடைந்த சுண்ணாம்புக்கல்லுக்கு 10 வரை மதிப்பெண் இடுவது இதனாலேயே. சிமெண்டுக்காகக் கல் வெட்டியெடுத்த குழிகளில் மேலடுக்கின் காப்பும் போய்விட்டபடியால், அங்கே குப்பை கொட்டுவது ஊர்க் கிணற்றிலேயே கொட்டுவதற்கு ஒப்பாகும்.

களிமண் காப்பு என்றோம். கரிசலைப் பொறுத்தமட்டில் அது ஈரமுள்ளவரைக்கும் மெய். கோடையில் கை நுழையும்படி வெடிக்கும் மண்ணுக்கு இம்முறை 7 மதிப்பெண் இடுகிறது. வெடிக்காத களிமண்ணுக்கு 1 தான். கோடைக்குப்பின் பெய்யும் முதல் மழை எருவையும் உரத்தையும் வெடிப்பு வழியே கொண்டுபோகக்கூடும். ஆகையால் வெடிப்பு மூடியபின் உரமிடுவது உசிதம்.

இவை வெறும் கணக்கல்ல. கனடா தேசத்து ஒண்டேரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்னும் சிற்றூரில், 2000-ம் வருஷம் மே மாதம் பெருமழைக்குப்பின் ஊர்க் கிணற்றில் நோய்க்கிருமி கலந்து 7 பேர் மாண்டனர். 2,000-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஆழமில்லாத கிணறு, வெடிப்புள்ள பாறை, அருகே மாட்டெரு இட்ட நிலம். எருவிட்ட விவசாயி முறைப்படியே நடந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. கிணறு இருந்த இடமும், குளோரின் இடுவதில் காட்டிய அசிரத்தையுமே ஊரைக் கெடுத்தன.

சங்கம் செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது. வருஷத்தில் இருமுறை, சித்திரையிலும் மார்கழியிலும், கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து குறித்து வைக்கலாம். மார்கழியில் நீர் மேலேறி நிற்குமாகையால் மதிப்பீட்டிற்கு அவ்வளவையே கொள்ளவேண்டும். கிணறு வெட்டும்போது எத்தனை அடியில் எந்த மண் கண்டது என்பதையும் எழுதிவைத்தல் அவசியம். பின்னர் இக்குறிப்புக் கிடைப்பது துர்லபம். தொகை மிகுந்த இடங்களில் உள்ள கிணற்று ஜலத்தை முதலில் பரிசோதனைக்கு அனுப்புக. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் கைக்குழந்தைகளுக்கு அந்த ஜலம் ஆகாது. காய்ச்சினாலும் அது நீங்காது; ஜலம் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடவே செய்யும்.

நிலம் எவ்வளவு நல்ல காப்பாயினும், ஒரு பாழ்ங்கிணறு அதை வீணாக்கிவிடும். மேலடுக்குகளையெல்லாம் துளைத்துச் செல்லும் வாசல் அது. அத்தகைய கிணற்றைக் குப்பைக்கு விடாமல், அடியில் சுத்தமான மணலும் சரளையும் இட்டு, மேற்பாகத்தில் களிமண்ணை நன்கு திமிசு போட்டு இறுக்கி, மழைநீர் வழிந்தோடும்படி தரைக்கு மேல் சற்று மேடாக்கி மூடவேண்டும்.